எல்லோரும் ஓம் சொன்ன திட்டம்

பிள்ளை,

கிளிநொச்சிக் கிளைக்கு நீ எழுதிய திட்டத்தை நேற்றும் இன்றுமாக வாசித்து முடித்தேன். நல்ல திட்டம். இதை முதலே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் எழுதப்போவதை வாசித்துவிட்டு, அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்று நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது. கட்டிடம் பார்த்த விதம், தண்ணீர் வசதி, வீதிக்குக் கிட்ட இருப்பது, அந்தப் பக்கத்துக் கலியாண வீடுகளுக்குப் பலகாரம் செய்து கொடுக்க ஒழுங்கான ஆள் இல்லை என்று நீ வீடு வீடாகக் கேட்டு அறிந்தது, எல்லாம் சரி. உன் வயதில் எனக்கு இந்த நிதானம் இருக்கவில்லை. வணிகமாணிப் பட்டத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு, உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, இனி என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டுக் குசினியில் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தேன். அந்தக் குசினிதான் வளர்ந்து அச்சுவேலியில் இந்தத் தொழிலகம் ஆனது. இப்போது அது உன்னைப் பிடித்துக்கொண்டு கிளிநொச்சிக்கும் போகப் பார்க்கிறது. எனக்குச் சந்தோசம்தான். கண்ணாடி இல்லாமல் லேபலில் உள்ள திகதியை வாசிக்க முடியாத வயதுக்கு நானும் வந்துவிட்டேன். யாராவது முன்னால் போகத்தானே வேண்டும்.

கட்டிட உடன்படிக்கை என் மேசையில் கிடக்கிறது. என் கையெழுத்து விழாமல் கட்டிடக்காரர் கதவுத் திறப்புத் தரமாட்டார். வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்கிறார். ஆவணி பிறந்ததும் திறக்க வேண்டும் என்கிறாய் நீ. இங்கே வேலை செய்கிற வசந்தி, தவமலர் உட்பட ஐந்து பேரை உன்னோடு கூட்டிக்கொண்டு போவதாகவும், கிழமை நாட்களில் அவர்கள் அங்கேயே ஒரு வீட்டில் தங்கி நின்று புது ஆட்களைப் பழக்குவதாகவும், ஐந்து பேரும் ஓம் என்று சொல்லிவிட்டதாகவும் எழுதியிருக்கிறாய். மற்றப் பக்கங்களையெல்லாம் தாண்டிவிட்டேன். அந்த ஒரு வரியில்தான் நிற்கிறேன். கடிதமும் அதற்காகத்தான்.

இன்னொரு விஷயம். இங்குள்ள வர்த்தகர் சங்கம் தங்கள் ஆண்டு மலருக்கு என்னிடம் ஒரு கட்டுரை கேட்டிருக்கிறது. திட்டத்தைச் செயலாக்கும் மூலோபாய முறைகள், ஓர் ஒப்பீடு என்று தலைப்பும் தந்துவிட்டார்கள். மூன்று தரம் எழுதத் தொடங்கி மூன்று தரமும் கிழித்துப் போட்டேன். யாருக்கென்று தெரியாமல் எழுதினால் பாடப்புத்தகம் போல வருகிறது. உனக்கு எழுதினால் உண்மை வருகிறது. ஆகவே இதில் ஒரு பிரதி அவர்களுக்கும் போகும். இதில் பெயர் வருகிற எல்லோரிடமும் கேட்டுவிட்டேன். தவமலர் மட்டும் தன்னைக் கொஞ்சம் வடிவாக எழுதச் சொன்னாள்.

எந்த முறை நல்லது என்ற இந்தச் சண்டையை நீயும் நானும் சாப்பாட்டு மேசையில் எத்தனையோ தரம் போட்டிருக்கிறோம். நீ ஓகேஆர் கட்சி. நான் ஹொஷின் கட்சி. அப்பா வான் ஓடுகிற கட்சி, எது வென்றாலும் அவருக்குப் பெற்றோல் அடிக்க வேண்டும். ஆனால் நாங்கள் இரண்டு பேரும் மறந்துவிடுகிற ஒன்று, நான் தொடங்கியது இந்த இரண்டிலும் அல்ல. நீ ஏ.எல். உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் கொழும்பிலிருந்து ஒருவர் வந்து யாழ்ப்பாணத்து ஹோட்டல் ஒன்றில் இரண்டு நாள் பயிற்சி வைத்தார். சமநிலைப் புள்ளி அட்டை என்றார். ஒரு தொழிலை வரவு செலவை மட்டும் வைத்துப் பார்க்கக் கூடாது, நாலு பக்கத்தால் பார்க்க வேண்டும்: பணம் எப்படி நிற்கிறது, வாங்குகிறவர்கள் என்ன நினைக்கிறார்கள், உள்ளே வேலை எப்படி நடக்கிறது, வேலை செய்கிறவர்கள் புதிதாக என்ன கற்றுக்கொள்கிறார்கள். பட்டப்படிப்பில் சோதினைக்காகப் பாடமாக்கிய பல விஷயங்கள் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கின. வந்த கையோடு ஒரு பிறிஸ்டல் போட் மட்டை வாங்கி, நாலு கட்டம் கீறி, நிறநிறமாக எழுதி, பொதி செய்யும் அறைச் சுவரில் ஒட்டினேன்.

தவமலர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்று பார்த்தாள். "அக்கா, உது ஆற்றை சாதகம்?"

"எங்கடை தொழிலின்ரை."

"அப்ப சனி எந்த வீட்டிலை நிக்கிறார் எண்டு பாத்துச் சொல்லுங்கோ. சனிக்கிழமை எள்ளெண்ணை எரிச்சுவிடுவம்."

அன்றிலிருந்து அதற்குப் பெயர் சாதகம். யோசித்துப் பார்த்தால் பொருத்தமான பெயர்தான். சாதகம் எல்லாவற்றையும் காட்டும், கலியாணத்தைச் செய்து வைக்காது. ஒவ்வொரு மாத முடிவிலும் நான் கட்டங்களை நிரப்பினேன். வாங்குகிறவர்கள் என்ற கட்டத்தில் இருந்த கடைகளெல்லாம் யாழ்ப்பாணத்துக்குள்ளேயே இருப்பது கண்ணில் பட்டது. கொழும்புக்குப் போக வேண்டும் என்ற எண்ணம் அந்தக் கட்டத்தைப் பார்த்துத்தான் எனக்கு வந்தது. அதற்காக அந்த முறைக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்வேன். ஆனால் அந்த எண்ணம் மாதக் கணக்காக அந்தச் சுவரிலேயே இருந்தது. திங்கட்கிழமை காலை யார் எதைச் செய்வது என்று அட்டை சொல்லவில்லை. அது அட்டையின் பிழையும் இல்லை. கண்ணாடியிடம் போய்ச் சமைத்துத் தா என்று கேட்டவள் நான்தான்.

பிறகு நீ பல்கலைக்கழகத்தின் முதல் விடுமுறைக்கு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாய். சுவரைப் பார்த்துவிட்டு, "அம்மா, இதிலை எல்லாம் இருக்கு. ஆனால் எது முக்கியம் எண்டு இல்லை" என்றாய். எனக்குச் சுருக்கென்றது, ஆனால் சரி. ஒரு இலக்கு, அதை அடைந்தோமா என்று அளந்து பார்க்க மூன்று பெறுபேறுகள், மூன்று மாதக் கெடு, கிழமைக்கு ஒரு தரம் எங்கே நிற்கிறோம் என்று நின்றபடி ஒரு சின்னக் கதை. அவ்வளவுதான் ஓகேஆர் என்றாய். ஒரு இலக்கு என்று நீ சொன்னபோது வசந்தியின் முகத்தில் தெரிந்த நிம்மதியை நான் கவனித்தேன். கொழும்புக் கடைகளில் எங்கள் பலகாரம் நிற்க வேண்டும் என்று இலக்கை எழுதினாய். றஹீம் நானா தன் லொறியில் ஏற்றிப் போகச் சம்மதித்தார். தொண்ணூறில் மற்ற முஸ்லிம் குடும்பங்களோடு யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வளர்ந்து திரும்பி வந்த குடும்பம் அவருடையது. எங்கள் ஆட்களைவிட அவருக்குக் கொழும்புக் கடைத்தெரு நன்றாகத் தெரியும். எங்கள் பெரிய தலையிடி, போகிற வழியில் முறுக்கு உடைந்து தூளாவது. ஆகவே உன் முதலாவது பெறுபேறு: உடைவு பாதியாகக் குறைய வேண்டும்.

பாதியாக என்ன, கெடு முடிய முன்னமே உடைவு அறவே நின்றுவிட்டது. நீ கேக் வெட்டினாய். அடுத்த கிழமை றஹீம் நானா வாசலில் நின்றபடியே சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"தங்கச்சி, முறுக்கு ஒண்டும் உடையேல்லை. லொறியை மேலாலை ஏத்தினாலும் உடையாது. ஆனால் சனம் கடிச்சுப் பாத்திட்டுத் திருப்பிக் குடுக்குதாம். ஒரு பெரியவருக்குக் கட்டின பல்லு கையோடை வந்திட்டுதாம்."

தேங்காய்ப்பாலைக் குறைத்து, அச்சையும் மாற்றி, மொத்தமாகப் பிழிந்து, நன்றாக முறுகவிட்டிருக்கிறார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. உடையக் கூடாது என்று கேட்டோம், உடையாத முறுக்குக் கிடைத்தது. நீ அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். ஆனால் வெளியே வந்தபோது சும்மா வரவில்லை. இனிமேல் ஒரு இலக்கத்தைத் தனியே விடக் கூடாது, அது கெடுத்துவிடக்கூடிய இன்னொன்றையும் பக்கத்தில் வைத்து அளக்க வேண்டும் என்றாய். பின்னேரத் தேத்தண்ணிக்கு அன்றைக்குச் சுட்ட முறுக்கையே எல்லோரும் கடிக்க வேண்டும் என்ற சட்டம் அப்போது வந்தது. இன்றைக்கும் அது நடக்கிறது. அது நீ கண்டுபிடித்தது, எந்தப் புத்தகத்திலும் இல்லை. உணவுத் தரச் சான்றிதழுக்கும் உன் முறைதான் எங்களை ஓட வைத்தது. ஓகேஆர் இல்லாவிட்டால் அந்தச் சான்றிதழ் இன்றைக்கும் சாதகத்தில் ஒரு கட்டமாகத்தான் இருந்திருக்கும். என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்த வேலை, எங்கள் நாலு சுவருக்குள் முடிகிற வேலை, அப்படியென்றால் உன் முறையைப் போல வேகமானது வேறு இல்லை. இதை மலர் வாசிக்கிறவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

நீ படிப்பு முடித்துக் கொழும்பில் வேலைக்குப் போன வருடத்துக் கதை உனக்குப் பாதிதான் தெரியும். மிச்சத்தை இப்போது சொல்கிறேன். கொழும்பில் பல கிளைகள் உள்ள ஒரு கடையிலிருந்து பெரிய ஓடர் வந்தது. ஆவணி நடுவில் கொடுத்து முடிக்க வேண்டும். எல்லோரையும் கூட்டி, உன் முறைப்படியே இலக்கைச் சொன்னேன், பெறுபேறுகளைச் சொன்னேன். "முடிப்பமோ?" என்று கேட்டேன். "ஓம் அக்கா" என்றார்கள். ஒரே குரலில். எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

ஆவணி பிறக்க ஒவ்வொருவராகக் குறையத் தொடங்கினார்கள். தவமலருக்குக் காய்ச்சல். வசந்தியின் மகனுக்குக் காய்ச்சல். இன்னொருத்திக்கு மாமியாரைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போக வேண்டும். ஒரு காலையில் வந்து பார்த்தால் மூன்று எண்ணெய்த் தாச்சியில் ஒன்றின் கீழ்தான் நெருப்பு எரிகிறது. எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி முடியாது. அந்த ஆத்திரத்தோடு நான் என்ன செய்தேன் தெரியுமா? "ரவுணிலை ஒரு மீற்றிங், மத்தியானம் வந்திடுவன்" என்று மிஞ்சி நின்ற பெண்களிடம் சொல்லிவிட்டு, அப்பாவின் வானில் ஏறி அளவெட்டிக்குப் போனேன். அங்கே என் மச்சாளின் மகளுக்குக் கலியாணம். அன்றைக்குப் பலகாரச் சூடு. நல்ல நாள் பார்த்து, சொந்தக்காரப் பெண்களெல்லாம் கூடி, முதல் தாச்சி வைத்து, கலியாணத்துக்கு வேண்டிய பலகாரம் முழுவதையும் சுட்டு அடுக்குகிற நாள். கூப்பிட்டும் போகாமல் விட்டால் பிறகு எந்த முகத்தோடு கலியாணத்துக்குப் போவது? அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பின்வளவில் பந்தல் போட்டிருந்தார்கள். புகைக்குள் எனக்கு முதலில் தெரிந்தது வசந்தியின் கை. முறுக்கு உரலை அவள் திருப்புகிற விதத்தை நான் எந்தக் கூட்டத்திலும் கண்டுபிடிப்பேன். பக்கத்தில் தவமலர் பயற்றம் பணியாரத்தை மாவில் தோய்த்துத் தாச்சியில் விட்டுக்கொண்டிருந்தாள். கிளினிக்குக்குப் போனவளும் அங்கேதான். மாமியாரும் அங்கேதான், நல்ல சுகமாக இருந்து அரியதரம் தட்டிக்கொண்டிருந்தார்.

தவமலர்தான் முதலில் வாயைத் திறந்தாள். "வாங்கோ அக்கா. உங்களுக்கும் காய்ச்சலோ?"

"ஓம். உன்னட்டை இருந்துதான் தொத்தினது."

பின்னால் தேங்காய் மூட்டையோடு வந்த அப்பா, "ரவுண் மீற்றிங் எண்டல்லோ என்னை ஓடச் சொன்னது? அதை அளவெட்டிக்கு மாத்திப் போட்டினமோ?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டார். பந்தலே சிரித்தது. நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

மச்சாள் அகப்பையோடு ஓடி வந்தாள். "உவையளோடை கோவிக்காதை. நான்தான் உன்ரை ஆக்கள் எண்டு கேட்டுக் கூப்பிட்டனான். இந்தக் கையள் ஊரிலை இருக்கேக்கை நான் ஏன் வேறை ஆக்களைத் தேட வேணும்? உனக்குச் சொன்னால் விடமாட்டாய் எண்டுதான் சொல்லேல்லை."

நான் வசந்திக்குப் பக்கத்தில் ஒரு பலகையை இழுத்துப் போட்டு இருந்தேன். "ஆவணியிலை உங்கள் எல்லாருக்கும் கலியாண வீடு இருக்கெண்டு தெரியும்தானே. பிறகேன் முடிப்பம் எண்டு சொன்னனீங்கள்?"

அவள் தாச்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உங்களுக்கும் தெரியும்தானே அக்கா."

அவ்வளவுதான் அவள் சொன்னது. இந்தக் கலியாணத்தின் அழைப்பிதழ் எங்கள் சாமி அறையில் இருந்தது. நான் கெடுத் திகதியை எழுதிய அன்றைக்கும் அங்கேதான் இருந்தது. அவர்கள் மறைத்தார்கள், நான் ஏமாந்தேன் என்று சொல்ல எனக்கு வழி இல்லை. முதலாளியான என்னிலிருந்து அப்பா வரைக்கும், அந்த மாதத்தில் எங்கள் ஊர்ப் பெண்கள் எங்கே இருப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்த ஒன்றைத் திட்டத்துக்குள் கொண்டுவரும் வாசல் ஒன்றுகூட எங்கள் திட்டத்தில் இருக்கவில்லை. கேட்ட கேள்விக்கு ஓம் என்ற ஒரு பதிலுக்குத்தான் இடம் இருந்தது. நான் கேட்கிறேன், அவர்கள் என்னிலும் வயது குறைந்தவர்கள், என்னிடம் சம்பளம் வாங்குகிறவர்கள், எல்லோருக்கும் முன்னால் கேட்கிறேன். எங்கள் ஊரில் அதற்கு வேறு பதில் வராது. அந்த ஓமுக்குள் மரியாதை இருந்தது, அன்புகூட இருந்தது. ஆவணி மட்டும் இருக்கவில்லை.

அந்த ஓடர் கைவிட்டுப் போனது. றஹீம் நானா பாதி ஏற்றிய லொறியோடு போனார். கொழும்புக்காரர் வேறு ஆளிடம் வாங்கத் தொடங்கினார். பிறகு அந்தப் பழைய பயிற்சிக் கோப்பைத் தூசு தட்டி எடுத்தேன். அதன் கடைசிப் பக்கங்களில் ஹொஷின் என்று ஒரு யப்பான் முறை இருந்தது. கடைசி மணித்தியாலத்தில் பயிற்சி தந்தவர் அதைச் சொன்னபோது நாங்கள் பஸ்ஸுக்கு நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். அதில் எனக்குப் பிடித்தது ஒரே ஒரு விஷயம், பந்தெறிதல். மேலே இருக்கிறவர் இலக்கைச் சொல்லிப் பந்தைக் கீழே எறிகிறார். கீழே இருக்கிறவர்கள் பிடித்து, இது ஏலும், இது ஏலாது, இது வேணுமென்றால் அது வேணும் என்று திருப்பி எறிகிறார்கள். இரண்டு பக்கமும் கையில் பிடிக்கக்கூடிய மாதிரி வருமட்டும் அது போய்ப் போய் வரும். அதற்குப் பிறகுதான் அதற்குத் திட்டம் என்று பெயர்.

வாசிக்க இலகுவாக இருந்தது. மறுநாள் எல்லோரையும் இருத்தி, அடுத்த வருடம் திரும்பக் கொழும்புக்குக் கொடுக்க வேணும், என்ன சொல்கிறீர்கள் என்று எறிந்தேன். பந்தைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். "நீங்கள் சொன்னால் சரி அக்கா." அந்த அறையில் நான் இருக்கும்வரைக்கும் அது திரும்பி வராது என்று விளங்கியது. ஆகவே தவமலரிடம் பேனையைக் கொடுத்துவிட்டு, எழும்பிச் சந்தைக்குப் போனேன். தேவையே இல்லாமல் கத்தரிக்காய் வாங்கினேன். திரும்பி வரும்போது கேற்றடியிலேயே சத்தம் கேட்டது. உள்ளே சண்டை. நல்ல சண்டை. எங்கள் தொழிலகத்தில் ஒரு திட்டத்துக்காக யாரும் சத்தம் போட்டு நான் கேட்டது அதுதான் முதல் தரம்.

"முதல் இதை எழுதுங்கோ," என்று பேனையை என்னிடம் திருப்பித் தந்தாள் தவமலர். "ஆவணியிலை கொழும்புக்கு ஒண்டும் ஏலாது."

"சரி."

"கலியாண வீட்டுக்காரர் எங்களைத்தானே கூப்பிடீனம். நாங்கள் ஒவ்வொரு வீடாய் ஓடாமல், முதல் தாச்சி அவையின்ரை வீட்டிலை, மிச்சம் எல்லாம் எங்கடை இடத்திலை. ஓடராய் எடுப்பம்."

"சொந்தக்காரரட்டைக் காசு வாங்கிறதோ?" என்று கேட்டேன்.

"சொந்தக்காரருக்குச் சொந்தக்காரர் விலை. கனடாவிலை இருந்து வந்து செய்யிறவைக்குக் கனடா விலை."

இன்றைக்கு ஆவணி எங்கள் வருடத்திலேயே நிறைந்த மாதம். நீ கிளிநொச்சியில் செய்ய நினைக்கிற கலியாண வீட்டு ஓடர் முழுவதும் அந்தச் சண்டையில் பிறந்ததுதான். கொழும்புக்காரரும் திரும்பி வந்தார், ஆவணி இல்லாத மாதங்களுக்கு. இதை நான் என் கெட்டித்தனமாகச் சொல்லவில்லை. ஆனால் முறையின் கெட்டித்தனம் என்று அடித்துச் சொல்வேன். அதே பெண்கள், அதே நான், அதே ஆவணி. கேட்ட விதம் மட்டும்தான் மாறியது.

மலர்க்காரர் கேட்ட ஒப்பீட்டை இப்போது ஒரு மூச்சில் சொல்லிவிடுகிறேன். எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் தடுமாறும்போது நாலு பக்க அட்டையை எடுங்கள், பார்த்துவிட்டு வைத்துவிடுங்கள், அதிலிருந்து வேலையை எதிர்பார்க்காதீர்கள். வேலை இன்னதென்று தெரிந்து, கை மட்டும் ஓட வேண்டும் என்றால் ஓகேஆர், ஆனால் ஒவ்வொரு இலக்கத்துக்கும் பக்கத்தில் ஒரு காவல் இலக்கம் வையுங்கள். உங்கள் திட்டம் இன்னொருவருடைய வீட்டுக்குள், பிள்ளைக்குள், நல்ல நாளுக்குள் கால் வைக்கிறது என்றால் பந்தை எறியுங்கள். அது மெதுவானது. எரிச்சல் வரும். எறிந்த உருவத்தில் பந்து திரும்பி வராது. கொழும்புக்கு ஆசைப்பட்டு எறிந்தேன், கலியாண வீடாகத் திரும்பி வந்தது. அதைத் தாங்க முடியாதவர்கள் அந்த முறையைத் தொடாமல் விடுவது நல்லது.

இனி உன் விஷயம். உன் திட்டத்தில் இலக்கு இருக்கிறது, பெறுபேறுகள் இருக்கின்றன, காவல் இலக்கங்கள்கூட மறக்காமல் வைத்திருக்கிறாய். ஆனால் நீ அந்த ஐந்து பேரையும் தேத்தண்ணி நேரத்தில், எனக்கு முன்னால், "என்னோடை வருவீங்களோ?" என்று கேட்டாய். ஐந்து பேரும் உடனே ஓம் என்றார்கள். அவர்கள் உன்னைத் தூக்கி வளர்த்தவர்கள், நீ முதலாளியின் மகள், நான் பக்கத்தில் நிற்கிறேன். நேற்று வசந்தியைத் தனியாகக் கேட்டேன்.

"கிளிநொச்சிக்குப் போறியோ?"

"ஓம் அக்கா. பிள்ளை கேட்டதுதானே."

"பிள்ளை கேட்டது எனக்கும் தெரியும். நீ போறியோ எண்டு கேக்கிறன்."

அவள் அகப்பையைத் துடைத்து மாட்டிவிட்டுத் திரும்பினாள். "எனக்கு அங்கை போக விருப்பம் அக்கா. உண்மையாய் விருப்பம். ஆனால் ஆவணியிலை ஏலாது. பிள்ளை அவ்வளவு ஆசையாய் கேக்கேக்கை எப்பிடி ஏலாது எண்டுறது? நீங்கள் ஒருக்கால் சொல்லி விடுங்கோவன்."

நான் மாட்டேன் என்றேன். ஏன் ஏலாது என்பதை இங்கேயும் எழுத மாட்டேன். எழுதினால் அது நான் சொன்னதாகிவிடும். அதை அவள் உனக்கு முன்னால் இருந்து சொல்ல வேண்டும், நீ அவளைச் சொல்ல வைக்க வேண்டும். மற்ற நாலு பேரையும் நான் கேட்கவே இல்லை. அவர்களில் ஒருத்திக்கும் தடை இல்லாமல் இருக்கலாம். எல்லோருக்கும் இருக்கலாம். இப்போது எழுதியிருக்கிறபடியே நீ ஆவணி முதலாம் நாள் கதவைத் திறந்தால், காய்ச்சல்களும் கிளினிக்குகளும் கிளிநொச்சி வரைக்கும் உன்னைத் தேடி வரும். அங்கே சிரிப்பதற்கு அளவெட்டிப் பந்தல் இருக்காது. புது ஊர், புது ஆட்கள், முதல் ஓடர். முதலே வாக்குத் தவறினால் அந்தப் பக்கத்துக் கலியாண வீடுகள் இரண்டாம் தரம் உன் கதவைத் தட்டாது.

இதில் எனக்கும் ஒரு பக்கம் இருக்கிறது என்பதை மறைக்கக் கூடாது. வசந்தி போனால் ஆவணியில் என் பெரிய தாச்சிக்கு ஆள் இல்லை. அவள் ஏலாது என்று சொன்னபோது என் மனதின் ஒரு மூலை சந்தோசப்பட்டது. அதனால்தான் இந்தப் பேச்சை நான் நடத்தப் போவதில்லை. நான் எறிந்தால் பந்து என் பக்கமே வந்து விழும். அவள் விருப்பத்தோடு எந்த மாதம் போகிறாளோ அந்த மாதம் நான் அவளை வழியனுப்பி வைப்பேன். அவளுடைய இடத்துக்கு இன்றிலிருந்தே இன்னொருத்தியைப் பழக்குகிறேன். அது என் வேலை, நீ அதை நினைத்துத் தயங்காதே.

உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். திறப்பை நீ போய் வாங்கலாம். கிளை திறக்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் உன் திட்டத்தின் முதல் பக்கத்தில் ஆவணி என்று இருந்ததைப் பென்சிலால் வெட்டி, அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். அதை நீ தனியே நிரப்பக் கூடாது. திங்கட்கிழமை காலை ஐந்து பேரையும் பொதி செய்யும் அறையில் இருத்து. உனக்கு என்ன வேணும், ஏன் வேணும் என்று சொல்லு. நீ நன்றாகச் சொல்வாய். பிறகு தவமலரின் கையில் பேனையைக் கொடுத்துவிட்டு எழும்பி வெளியே போ. அவர்கள் கூப்பிடுமட்டும் உள்ளே வராதே. எவ்வளவு நேரம் எடுத்தாலும் வராதே. உன்னைப் போல பொறுமை இல்லாத பிள்ளைக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று பெற்ற எனக்குத் தெரியும். அன்றைக்கு நான் புத்தூரில் வெங்காயம் பார்க்கப் போகிறேன். அப்பாவும் என்னோடு வருகிறார், யன்னலால் எட்டிப் பார்க்க ஆள் இருக்கக் கூடாது.

எல்லாம் முடிந்ததும் எனக்கு ஒரு போன் கோல் எடு. யார் யார் ஓம் என்றார்கள் என்று சொல்லாதே. முதலில் ஏலாது என்றது யார் என்று சொல்லு. அவளைத்தான் நீ முதலில் கூட்டிக்கொண்டு போக வேண்டும், அவளுக்கு ஏலுமான மாதத்தில்.

அம்மா